நைலான் உடை மட்டும்: திண்டிவனம் பக்கம் ஒரு வாட்டர் பார்க், விழுப்புரம் பக்கம் ஒன்று

கணவர் ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த மே மாதம் அது. எட்டு வயது மகள் ரிஸ்வானா அவரிடம் வைத்த ஒரே கோரிக்கை வாட்டர் பார்க். கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் கடல். ஆனால் அலை இழுக்கும் என்று பிள்ளைகளை இறங்க விடுவதில்லை. நானும் முழங்கால் அளவைத் தாண்டியதில்லை. அதனால் ஆசை எனக்கும்தான், வெளியே சொல்லவில்லை. கேட்காமலேயே அவர் எனக்கொரு நீச்சல் உடை வாங்கி வந்திருந்தார். முழுக்கை, முழுக்கால், தலையை மூடும் தொப்பி, எல்லாம் கறுப்பு நைலான்.

எங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பார்க்குகள். பெரியது திண்டிவனம் தாண்டி, சென்னை நெடுஞ்சாலையில். சின்னது விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

முதலில் பெரியதற்குப் போனோம். வாடகைக் காரில் காலை எட்டரைக்குக் கிளம்பி, மயிலம் வழியாகச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், வழியில் டீ குடிக்க நேரம் இருந்தது. பெரியவர்களுக்கு 850 ரூபாய், பிள்ளைகளுக்கு 700. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் எங்கள் பிரியாணி டப்பா காரிலேயே தங்கிவிட்டது. உள்ளே பதினைந்துக்கும் மேல் சறுக்குகள், கடல் மாதிரி அலை வரும் பெரிய குளம், சுத்தமான கழிப்பறை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

உடை மாற்றிக்கொண்டு குளத்துப் பக்கம் வந்தபோது வாசலில் நின்ற பெண் கை நீட்டித் தடுத்தாள்.

"அக்கா, இந்த டிரெஸ்ல எறங்கக் கூடாதுக்கா."

"நைலான்தாம்மா. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். "நைலான்தான். ஆனா இப்பிடி ஃபுல்லா மூடிக்கினு வந்தா வுடாதீங்கன்னு சொல்லிக்கிறாங்க. நம்ம கவுண்டர்ல டீ ஷர்ட்டும் அரைக்கால் பேண்ட்டும் வாடகைக்குத் தர்றாங்க, மாத்திக்கினு வாங்கக்கா."

அவள் தலைக்கு மேலேயே பலகை. 'நைலான் உடை மட்டும்' என்றுதான் எழுதியிருந்தது, கையின் நீளம் பற்றி ஒன்றும் இல்லை. கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வா, போலாம். டிக்கெட் போனா போவுது" என்றார். ரிஸ்வானா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சறுக்குகளைப் பார்த்தபடி நின்றாள். நான்தான் சொன்னேன்: "நீங்க அவள இட்டுக்கினு போங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

மாலை ஐந்து வரை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மூன்று பை, காலடியில் இரண்டு ஜோடி செருப்பு. அவர்கள் கத்திக்கொண்டே சறுக்கி வருவதை வீடியோ எடுத்தேன். அழவில்லை. ஆனால் நனைந்த கையோடு ரிஸ்வானா வந்து என் கன்னத்தைத் தொட்டபோது, அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று தெரிந்து எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது கார் ஓட்டிய அண்ணன் கேட்டார்: "என்னா மேடம், துணி நனையவே இல்ல?" சொன்னேன். "இதுக்குப் போயி பேஜாராவாதீங்க. வியுப்புரம் பக்கம் இருக்கிறத பாருங்க. சின்னதுதான், ஆனா எங்க வூட்டுப் பொம்பளைங்கள்லாம் அங்கதான் எறங்குவாங்க."

அடுத்த திங்கட்கிழமை அங்கே போனோம். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். டிக்கெட் 450, பிள்ளைக்கு 350. சறுக்குகள் ஐந்துதான், ஒன்றில் பெயிண்ட் உரிந்திருந்தது. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியில்லை, ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் கொடுத்த அம்மா என் உடையை ஒரு பார்வை பார்த்து, "நைலானா? சரி, போங்க" என்றார். அவ்வளவுதான்.

அலைக் குளத்தில் முதல் அலை வந்ததும் காலடியில் தரை இல்லாமல் போய்விட்டது. மூக்கெல்லாம் தண்ணீர். கணவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். ரிஸ்வானா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உயரமான சறுக்கின் உச்சிக்குப் போய், கீழே பார்த்ததும் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்தேன். எனக்குப் பின்னால் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வாடகை டீ ஷர்ட்டில்.

"ஜல்தி போம்மா. கால் சுட்டுக்கினு நிக்கிறோம்."

"பயமா இருக்குதுக்கா."

"எனக்குந்தான். நீ போனாத்தான நான் போவ முடியும்?"

போனேன். ஏழு முறை போனேன்.

வெளியே வந்து அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, வாங்கிக் கொறித்தபடி ரிஸ்வானாவிடம் எது பிடித்தது என்று கேட்டோம். யோசிக்கவே இல்லை. "அந்தப் பெருசுதான்." உண்மையைச் சொன்னால் அவள் சொன்னது சரி. சறுக்குகளுக்கும் சுத்தத்துக்கும் திண்டிவனம் பக்கம். செலவும் கூட்டமும் குறைவாக வேண்டும் என்றால் விழுப்புரம் பக்கம். இரண்டுக்குமே வார நாளில் போங்கள், திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். மதியம் தரை சுடும், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்கள் என்ன உடையில் இறங்கலாம் என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்கில் கேளுங்கள். பல குடும்பங்களில் இது யாருக்கும் தோன்றுவதே இல்லை. பெஞ்சில் ஒருத்தி பையோடு உட்காருவது வழக்கமாகிவிட்டது.

கணவர் ஷார்ஜாவுக்குத் திரும்பிய மறுநாள் பெரிய பார்க்குக்கு நானே போன் செய்தேன். உங்கள் பலகையில் இருப்பது நைலான், என் உடையும் நைலான், பிறகு என்ன தடை என்று கேட்டேன். மேனேஜர் போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, மறுபடி கூப்பிட்டேன். "வாங்க மேடம், வாசல்ல சொல்லி வெக்கிறேன்" என்றார்.

இரவு போனில் கணவரிடம் சொன்னேன், புதன்கிழமை நானும் ரிஸ்வானாவும் பஸ்ஸில் போகிறோம் என்று.

"நான் இல்லாமயா?"

"நீங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆவும். அதுக்குள்ள அவ வளர்ந்துடுவா" என்றேன்.

"யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லு" என்றார்.