வேலிப் பக்கம் ஒரு நூல்

மேசை வாளுக்குள் பலகையைத் தானே தள்ளிக்கொடுக்கும் பவர் ஃபீடரை இன்று பூட்டினேன். மிச்சமிருக்கும் ஒன்பது விரலும் தனக்கு வேணும் என்று மனைவி கட்டளை.

மூன்று தரம் ஓட்டினேன். மூன்று தரமும் பலகை, அதை நேராகக் கொண்டுபோகும் சட்டத்தை விட்டு விலகியது. அந்தச் சட்டத்துக்குப் பட்டறையில் வேலி என்று பெயர்.

"கழட்டுவம். கையாலேயே தள்ளுறன்" என்றேன். மனைவி என் கையைப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வளவில் இருந்து ஒரு குரல். சிவம் அண்ணை, முந்தி மர ஆலையில் வேலை செய்தவர். எல்லை வேலி வழக்கால் நாலு வருசமாக என்னோடு கதைக்காதவர்.

"டேய், உந்த மெசினை நேராய்ப் பூட்டாதை! வேலிப் பக்கம் ஒரு நூல் சரிச்சு விடு!"

"அண்ணை, நீங்களோ இதைச் சொல்லுறியள்?"

"வாளின்ரை வேலியைச் சொன்னனான். மற்றதிலை கை வைச்சியோ, கோட்டிலை சந்திப்பம்."

ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சரித்தேன். பலகை வேலியோடு ஒட்டி, தேர் மாதிரி அசையாமல் போனது. மூவரும் கைதட்டினோம்.

அண்ணை தேத்தண்ணிக்கு வந்தது எல்லை வேலியில் தானே பிரித்த பொட்டுக்குள்ளால், அதாவது ஓட்டைக்குள்ளால். அதை அடைக்க வேண்டியது அவரா, நானா? சட்டம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. அவசரமில்லை.