ஓடுகிறவனுக்குக் கடன்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவள் தம்பியான என் மச்சான், பிரிக்பீல்ட்ஸில் பையும் குடையும் விற்கும் அந்தக் கடைக்காரர். ஐந்தாவதாக ஒருவர் வந்தார். அவர் பை வாங்க வரவில்லை.

அப்போது நான் பங்சாரில் தகர டின் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். காலையில் மினி பஸ் நிரம்பி வழிந்து, நிற்காமலே போய்விடும். மூன்று முறை தாமதம். இன்னொரு முறை தாமதமாக வந்தால் வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலக் கடிதம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மச்சான்தான் படித்துச் சொன்னான். நம்பாமல் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். அதிலும் அதுதான் இருந்தது. இனி ஓடியே போவது என்று முடிவு செய்தேன்.

ஓடலாம், சாப்பாடு? டிபன் கேரியரைக் கையில் பிடித்து ஓடினால் பாதிச் சாம்பார் ரோட்டுக்குத்தான். முதுகில் மாட்டும் பை வேண்டும்.

கடைக்காரர் முதலில் பட்டாளப் பச்சையில் ஒன்றை எடுத்தார். போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது? கறுப்புப் பை இருட்டில் லோரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது. நீலத்தில் வார் மெல்லியது, நடுவழியில் அறுந்தால்? மிஞ்சியது வாத்துப் படம் போட்ட மஞ்சள் பள்ளிக்கூடப் பை.

"பள்ளிக்கூட வயசுல பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினீங்க, இப்ப மாட்டிக்கிட்டு ஓடப் போறீங்க," என்றாள் மனைவி. "முன்னேற்றம்தான்."

"பேர் எழுத இடம் இருக்கு மாமா," என்றான் மச்சான். "எந்த கிளாஸ்னு போட?"

கொண்டுபோயிருந்த கேரியரில் தண்ணீர் நிரப்பி, பைக்குள் வைத்து, கடை வரிசை முன்னால் ஓடிப் பார்த்தேன். ஒழுகுகிறதா என்று பார்க்க மச்சான் பின்னாலேயே ஓடி வந்தான். "மாமா, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினான்.

விலைச்சீட்டு ஆடும் பையோடு ஒருவன் ஓடுகிறான், இன்னொருவன் துரத்துகிறான். காப்பிக் கடையிலிருந்த மலாய்க்காரர் ஒருவர் 'பென்சூரி', அதாவது திருடன், என்று எழுந்து வந்து வாரைப் பிடித்து இழுத்தார். பயத்தில் எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் மறந்துபோய், தண்ணீருக்கான சொல் ஒன்றுதான் மிஞ்சியது. "ஆயேர், ஆயேர்" என்றேன். திருடனுக்குத் தாகம் வேறா என்பதுபோல் பார்த்துவிட்டு, வாரை விடாமல் கடைவரை இழுத்து வந்தார்.

"கஸ்டமர்லா, பாஸ்," என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் விட்டார்.

அத்தனை இழுப்பிலும் வார் அறுந்திருக்கவில்லை. தண்ணீர் ஒரு கரண்டிதான் சிந்தியிருந்தது. இதற்கு மேல் என்ன சோதனை? விலை பதினாறு வெள்ளி ஐம்பது காசு. பிக்பாக்கெட்டுக்குப் பயந்து நான் கொண்டுபோனது பத்து வெள்ளி.

"மிச்சத்தைச் சம்பளத்துல குடுங்க," என்றார் கடைக்காரர். "ஓடுறவனுக்குக் கடன் குடுத்த முதல் ஆள் நாந்தான்."

திங்கட்கிழமை கேட் திறக்க நாற்பது நிமிடம் முன்பே போய் நின்றேன். பிள்ளை பையை மறந்துவிட்டானா என்று காவலாளி கேட்டார். சாம்பார் பத்திரமாக இருந்தது, வேலையும்.

சம்பளத்தன்று பணத்தோடு போனேன். கடைக்காரர் கை நீட்டவில்லை.

"வச்சுக்குங்க தம்பி. காலையில கடை மாடியில பல் விளக்கும்போது கீழ நீங்க போனா, கடன்காரன் ஓடுறான்னு கத்த எனக்கு ஒரு காரணம் வேணும்லா."

நான் அந்த வேலையில் இருந்தவரை கத்தினார். என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்று அந்தப் பணத்தை இன்னும் தனியாக வைத்திருக்கிறேன். ஆறு வெள்ளி ஐம்பது காசு.