ஒன்றால் வந்த வினை

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பூங்காவனம் பதினாறு வருஷமாக டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். பருத்திப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தால் விரல்கள் தானாக ஓடும். குனிந்து கீயைப் பார்த்துத் தட்டுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

1992இல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும் என்று ஒரு போர்டு. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. சரக்கு அனுப்பும் சலான் எல்லாம் இனி அதில்தான், ஒரு மாதத்தில் பழகாதவர்கள் பேக்கிங் பிரிவுக்குப் போகலாம் என்று மேனேஜர் ரகுநாதன் சொல்லிவிட்டார். பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றபடி போல்ட்டுகளை எண்ணிப் பெட்டியில் போடவேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். ஒன்றும் தெரியாதவள் என்று பேர் எடுப்பதைத்தான் பூங்காவனத்தால் தாங்க முடியாது.

கம்ப்யூட்டர் அவளிடம் வஞ்சம் வைத்தது போல நடந்துகொண்டது. சில பார்ட் நம்பர்களை வாங்கிக்கொள்ளும். சிலவற்றுக்குக் 'கீ' என்று கத்தி, அப்படி ஒரு நம்பரே இல்லை என்று சிவப்பில் காட்டும். சொல்லிக்கொடுக்க வந்த கங்காதரன் அதே நம்பரை இரண்டே விரலால் தட்டினால் மறுபேச்சில்லாமல் போகும்.

"மெஷின் நல்லாத்தான் கீது மேடம். நீங்கதான் பயந்துகினு அடிக்கிறீங்க."

அவன் சொன்னபிறகு பயம் இன்னும் கூடியது. தப்பாக எதையாவது தொட்டால் கம்பெனியின் மொத்தக் கணக்கும் அழிந்துவிடும் என்று வேறு யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் காதுக்குள் அந்தச் சத்தம்தான்.

மூன்றாவது வாரம், அவளைவிட சீனியரான டைப்பிஸ்ட் அன்னம்மாள் தோற்றுப்போனாள். "எனுக்கு வராதுடி. என்னைக் கண்டாலே கத்துது," என்று சொல்லி, பேக்கிங்குக்கு மாற்றிவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை, ரகுநாதன் பின்னால் வந்து நின்றுகொண்டார். பூங்காவனம் 4528 அடித்தாள். போனது. அடுத்து 4518. கத்தியது. மறுபடி அடித்தாள். மறுபடி கத்தியது.

இரண்டு நம்பரையும் வெறித்துப் பார்த்தாள். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். 2 போகிறது, 1 போகவில்லை. ஒன்றுக்குத் தன் விரல் எங்கே போகிறது என்று பதினாறு வருஷத்தில் முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். எல் எழுத்தின் கீ மேல் இருந்தது.

அவளுடைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற கீயே கிடையாது. எண் வரிசை இரண்டில்தான் தொடங்கும். ஒன்று வேண்டுமென்றால் சின்ன எல் அடிப்பார்கள், காகிதத்தில் அது ஒன்றாகத்தான் தெரியும். திரையிலும் அப்படித்தான் தெரிந்தது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது எழுத்துதான். இங்கே இடது ஓரத்தில் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. அதை அழுத்தினாள். சத்தமில்லாமல் போனது.

"ஒண்ணுக்கா எல்லு அடிச்சிகினு இருந்தீங்க?" கங்காதரன் சிரித்துவிட்டான். டைப்ரைட்டரில் ஒன்று இல்லை என்பது அவனுக்கும் அன்றுதான் தெரியும்.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்து நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போனாள். அன்னம்மாள் கையெல்லாம் கிரீசோடு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணுக்குத் தனியா கீ கீது. நாம எல்லு அடிச்சிட்டோம். அதுக்குத்தான் கத்திச்சு."

அன்னம்மாள் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள். "எனுக்கு மூளை மழுங்கிப்போச்சுன்னு ஊட்ல புள்ளைங்க கிட்டல்லாம் சொல்லிட்டேனேடி."

பூங்காவனம் அந்தக் கிரீஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், அக்கா நாளைலேர்ந்து கம்ப்யூட்டருக்கு வராங்க. நான் சொல்லித்தரேன்."

"அவங்கதான் வராதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா."

"அது தப்பா எழுதினது சார்," என்றாள் பூங்காவனம். "குடுங்க, கிழிச்சிடலாம்."