வேலியோர வல்லாரை

வல்லாரையைக் களை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதைக் கீரை என்று நான் சொன்னால் என் கணவருக்குச் சிரிப்பு வரும். காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் அங்கே களைக்கு மருந்தடித்தவர் அவர். இந்தக் குனோங் ராபாட் ஊருக்குக் குடிவந்து பல காலமான பிறகும், தரையோடு ஒட்டி வளரும் எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருப்பதில்லை.

அடுத்த வீட்டு மலாய்க்கார அக்காவின் மகளுக்குக் கல்யாணம். விருந்தில் சோற்றோடு பச்சையாகக் கடித்துக்கொள்ள எங்கள் வேலியோரத்து வல்லாரை வேண்டுமென்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் இரண்டு தாம்பாளம் நிறையத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நூலகத்திலிருந்து திரும்பியபோது வேலியோரம் வெறும் மண்ணாக இருந்தது. பிடுங்கியவையெல்லாம் சிமெண்டுத் தரையில் வேர் மேலாகக் கவிழ்ந்து, சுருண்டு கிடந்தன. கணவர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

“கல்யாணத்துக்கு நாலு பேரு வார எடம்லா. தோட்டத்துல தொரை வாரதுக்கு முன்னாடி நாளு, ரப்பர் மர நெரையெல்லாம் இப்படித்தான் இருக்கும்.”

“அந்தக் கல்யாணத்துக்கு அவங்க கேட்ட கீரைங்க அது.”

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். மூன்று முறை சொல்லியிருந்தேன்; மூன்று முறையும் அவர் செய்தித்தாளுக்குள் இருந்தார்.

மறுநாள் சந்தையில் தேடலாம் என்றெண்ணி எழுந்தபோது அவரையும் காணோம், மோட்டார் சைக்கிளையும் காணோம். நான் வாசலிலேயே காத்திருந்தேன். முழங்கால்வரை சேற்றோடும், ஓர் அரிசிச் சாக்கு நிறைய வல்லாரையோடும் வந்து இறங்கினார். சுண்ணாம்பு மலையடியில் ஒரு வாய்க்கால் கரையாம். ஒரு செடி எங்கெங்கே முளைக்கும் என்பது அதை வளர்ப்பவரைவிட ஒழித்தவருக்கே நன்றாகத் தெரிகிறது. ஐந்து தண்ணீரில் அலசி எடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்ற முடிவோடுதான் கணவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா தாம்பாளங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் வேலியோரத்தை எட்டிப் பார்த்தார். அங்கே ஓர் இலைகூட மிச்சமில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கென்று ஒரு கொடிகூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்த உறவுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு அந்த வெற்று மண்ணைக் காட்டினார். அவர்கள் எல்லோரும் என் கணவரை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது, “நான் ஒண்ணும் பொய் சொல்லலியே,” என்றார்.

உண்மைதான். இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.