பன்னிரண்டாம் நம்பர் தோட்டா

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் செல்போனை வைத்துக்கொண்டு எந்தத் துப்பாக்கி ஒசத்தி என்று சண்டை போட்டீர்கள். சின்னவன் மூச்சுவிடாமல் ஒன்பது துப்பாக்கிகளின் பெயரைச் சொன்னான். அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பெரியவள் சிரித்தாள். தெரியும் தாயி. உன் வயதில் எனக்கும் தெரியும். தெரிந்ததோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இருந்தாலும் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் ஒருவர் இரண்டு டிவியை வைத்து வீடியோ கேம் கடை போட்டார். அங்கே ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு ஆள் பாழடைந்த கோயில்களுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் புதையல் தேடிப் போவான். ஓநாய் வரும், கரடி வரும், கூலிக்கு அமர்த்திய ஆட்கள் வருவார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் வைத்திருக்கும் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் திரையில் சுழன்று காட்டும். கடைக்கு வந்த மற்றவர்கள் கரடியைச் சுட்டார்கள். நான் என் அரை மணி நேரத்தையும் துப்பாக்கியைச் சுழலவிட்டுப் பார்ப்பதிலேயே செலவழித்தேன். கைத்துப்பாக்கி எங்கே திறக்கும், இரட்டைக்குழல் எந்த இடத்தில் மடங்கும் என்று பார்த்துப் பார்த்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து பெயர் எழுதினேன். அந்த நோட்டின் முன்பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அந்த விளையாட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு வரும் தோட்டாக்கள் சிவப்பாக இருக்கும், அடியில் பித்தளை. அவற்றின் பெட்டியில் 12 என்று எழுதியிருக்கும். என் பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், அதைப் பிடித்துக்கொண்டான்.

"பன்னெண்டுன்னு போட்ருக்கான். எடுத்தா ஆறுதான் வருது. வெள்ளக்காரன் சும்மா வாய்க்கு வந்தத வரஞ்சு வச்சிருக்காம்லே. இப்டி ஒரு தோட்டாவே ஒலகத்துல கெடையாது."

"இருக்கு. அது எண்ணிக்கை இல்ல, துப்பாக்கியோட நம்பர். எங்க மாமா வீட்ல இருக்கு."

"ஆமா, ஒங்க மாமா வீட்ல பீரங்கிகூட இருக்கும்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பீரங்கி மாமா என்று எனக்கு அன்றைக்கே பட்டமும் ஆகிவிட்டது. இதை நிரூபிக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்குப் பிடிவாதம் பிறவிக்குணம். அது யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்று உங்கள் அம்மா அடிக்கடி கேட்பாளே, அதற்கு இதுதான் பதில்.

என் தாய்மாமா வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் இருந்தார். மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம். அந்த வருடம் நாற்பது தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தார். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றி, பிள்ளையைத் தோண்டிச் சாய்த்து, அடியில் இருக்கும் நெற்றுத் தேங்காயைத் தின்றுவிட்டுப் போகும். அதை விரட்டுவதற்காக மாமா லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டால் போதும், பன்றிக் கூட்டம் ஒரு வாரத்துக்குத் தலைகாட்டாது. வாங்குகிற தோட்டாவுக்கெல்லாம் கணக்கு உண்டு. சுட்டுவிட்டேன் என்றால் காலிக்கூட்டைக் காட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாது. விளையாட்டில் தோட்டா தரையில் கிடக்கும். குனிந்து எடுத்தால் நம்முடையது.

காலாண்டு விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, அத்தை பீரோவைத் திறந்து துண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கவும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கீழ்த்தட்டில் துப்பாக்கி துணி சுற்றிப் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. ஒன்றே ஒன்றை எடுத்தேன். சிவப்பு உடம்பு, பித்தளை அடி. அடியைத் திருப்பினேன். 12.

ராஜபாளையத்தில் நான் அதைக் காட்டியதும் அண்ணன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீடியோ கேம் கடைக்காரர்தான் பயந்துபோய், "ஏப்பா, வெடிச்சுக் கிடிச்சுத் தொலையப்போவுது, எடுத்த எடத்துல கொண்டுபோயி வையி" என்றார். அடுத்த லீவில் வைத்துவிடலாம் என்று ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டேன். காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவில் அது மூன்று வாரம் இருந்தது. கணக்கு வாத்தியார் ஒருநாள் காம்பஸைக் கடன் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று சொல்லி அடி வாங்கினேன்.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் தோட்டாவோடு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் திருப்பித் தருவார்கள். ஒரு சனிக்கிழமை காலை, அத்தை எங்கள் பக்கத்து வீட்டுக்கு போன் செய்தாள். பேசிவிட்டு வந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க மாமாவ ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காவளாம். ஒரு தோட்டா கொறையுதாம். அப்பா வேற ஷிப்டுக்குப் போயிட்டாவ, நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?"

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டியூஷன் என்று பையைத் தூக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். பயம் இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது. மாமாவை மீட்கப் போகிறோம் அல்லவா. சொல்ல வேண்டிய வசனத்தை ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வத்திராயிருப்பு ஸ்டேஷனில் மாமா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சிறிய இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஏலே, நீ எதுக்கு இங்க வந்த? போ. அத்தகிட்டப் போ. நிக்காத."

அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நேரே மேஜைக்குப் போனேன். ரைட்டர் ஏட்டையா எழுதி முடித்த ஒரு தாளில் சீல் வைக்கப் போனார். பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், கொறையுற தோட்டா இதுதான். மாமா மேல தப்பே இல்ல. நான்தான் எடுத்தேன்."

ஏட்டையா பாக்ஸைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"என்னய்யா இது? பன்னிய வெரட்ட வானத்தப் பாத்துச் சுட்டேன், காலிக்கூடு கெணத்துல விழுந்துட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ருக்கீரு. சுட்ட தோட்டா ஏறி வந்து பாகைமானி பக்கத்துல படுத்திருக்கு?"

மாமா மேஜைப் பக்கம் வந்தார். என் தலையில் கையை வைத்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். ஏட்டையா நல்ல மனிதர். தாளை மேஜையில் போட்டுவிட்டு, "அஞ்சு நிமிசம் பொறுத்து வந்திருக்கக் கூடாதாடே" என்றார். உண்மையைச் சொன்னவனைப் பாராட்டாமல் இவர் ஏன் இப்படிச் சலித்துக்கொள்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "அம்மாட்டச் சொல்லிட்டா வந்த?"

"இல்ல."

"சரி, சொல்லாத."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரகசியம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அத்தை பீரோவைப் பூட்டாமல் போனதையும், அன்றைக்கு வீட்டில் இருந்த வெளியாள் நான் மட்டும்தான் என்பதையும் மாமா கணக்குப் போட்டு எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். என் பெயர் அந்த ஸ்டேஷன் புத்தகத்தில் ஏறிவிடக் கூடாது என்றுதான், வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பொய்யை நான் முப்பது கிலோமீட்டர் தேடிப்போய் உடைத்துவிட்டு வந்தேன். என் பெயரை யாரும் எழுதவில்லை, மாமா கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். ஆனால் தேர்தல் முடிந்து எல்லோருடைய துப்பாக்கியும் திரும்பி வந்தபோது மாமாவுடையது வரவில்லை. பொய் எழுதிக் கொடுத்தவருக்கு லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் துப்பாக்கி எங்கே என்று கேட்டதற்கு, "ரிப்பேருக்குக் குடுத்திருக்குலே" என்றார் மாமா. நம்பினேன்.

அரையாண்டு விடுமுறைக்கு மறுபடியும் போனேன். நாற்பது பிள்ளைகளில் பதினேழைப் பன்றி சாய்த்திருந்தது. பன்றியை விரட்டத் தகரத்தைத் தட்டித் தட்டி மாமாவுக்குக் கை காய்த்துப்போயிருந்தது. "அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்று சிரித்துக்கொண்டே இலை போடச் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்த பிறகு நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். ஓரத்துக் குழியில் ஒரு பிள்ளை சாய்ந்து கிடந்தது. ஓலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. நெற்று போன பிள்ளை பிழைக்காது என்று எனக்குத் தெரியாது. அதைத் தூக்கி நேராக நிறுத்தினேன். கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, சுற்றிலும் காலால் மிதித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். போதாது என்று தோன்றியது. இன்னொரு வாளியும் ஊற்றினேன்.