நைட்ரைடு கம்பியும் கடற்காற்று உப்பும்

கண்ணுக்குத் தெரியாத கம்பியைச் செய்து, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் வருகிறது என்று ஊரை நம்பவைப்பதுதான் என் தொழில். பிஎச்.டி.யில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

ஐஸ் கம்பெனி வாடை

டைட்டானியம் ஆக்சைடு நானோ கம்பிகளை உலையில் வைத்து அமோனியா வாயுவை விட்டால் நைட்ரைடாக மாறும். மிச்ச வாயுவைத் தண்ணீரில் கரைத்துத்தான் வெளியே விட வேண்டும். ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். எங்கள் ஆய்வகம் இருப்பது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில்; அங்கே ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டுவதும் இதே அமோனியாதான். மூக்கில் ஈரத்துண்டோடு ஒரு மீன் வியாபாரி அண்ணாச்சி ஓடிவந்தார்.

"யம்மா, எந்த ஐஸ் கம்பெனியில லீக்கு? எம் மீனு இருக்கதுலயா?"

மாமா பார்த்த கம்பி

ஏரலில் இரும்புக்கடை வைத்திருக்கும் மாமா, நான் செய்த கம்பியைப் பார்க்க ஆசைப்பட்டார். நகத்தளவு தகட்டில் கறுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான் தெரியும். அதில் கோடிக்கணக்கில் கம்பி இருப்பதாகப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏளா, இது கம்பின்னா, எங் கடையில கெடக்கதெல்லாம் தூணா?"

கொட்டிய கரண்ட்

அந்தத் தகட்டை வெற்றிடக் கலத்தில் வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கம்பி முனைகளிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். அந்தக் கரண்டுதான் என் ஆய்வேடு. ஒரு மாதத்துக்குள் அது நிலையாக வராவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லியிருந்தார் வழிகாட்டி மேடம். நான்கு வருட உழைப்பு போய்விடும்.

ஒரு காலையில் கரண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் குதித்தேன். மேடம் துறை முழுக்கச் சொல்லிவிட்டார். டெக்னீஷியன் ரெக்ஸ்லின் மட்டும் முகம் சுளித்தாள். ஆலந்தலைக்காரி, என் வயதுதான். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, வரைபடத்தில் முதலில் படுத்துக்கிடந்து பிறகு சட்டென்று வளைந்து ஏறவேண்டிய கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் நேராகப் போயிருந்தது. சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அவள் தகட்டை எடுத்துவிட்டு வெறும் கலத்தில் அளந்தாள். அப்போதும் அதே கரண்ட்! ஒயர் உள்ளே நுழையும் இடத்துப் பீங்கானில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்து, கரண்ட் அதன் மேலேயே ஓடியிருக்கிறது. நான் அழுதே விட்டேன். அவளுக்குத் துறைமுக எலக்ட்ரீஷியன் மனைவி என்ற மிடுக்கு.

"கரண்டு போஸ்ட்டுப் பீங்கானையே எங்க வீட்டுக்காரரு கழுவுதாரு. ஏளா, நீ ஒன் பீங்கான என்னைக்குக் கழுவுன?"

இரண்டு படங்கள்

ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, மறுபடி தகட்டை வைத்து அளந்தோம். பழைய கரண்டில் துளிதான் வந்தது. ஆனால் கோடு அழகாக வளைந்தது. சாயங்காலம் வரை கரண்ட் ஆடவில்லை. வெறும் கலத்தின் படம், புதிய படம் இரண்டையும் மேடம் முன் வைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். துறை முழுக்கச் சொன்னவர் அவர். இரண்டு படங்களையும் தன் பக்கம் இழுத்து, வெறும் கலத்தின் படத்தை மேலே வைத்தார்.

"வெறும் கலத்தை முதல் படமாப் போடு. அப்பத்தான் ரெண்டாவத நம்புவாங்க."

ஆக, நான்கு வருடம் பாடுபட்டு நான் எழுதிய ஆய்வேட்டின் முதல் படம், உள்ளே ஒன்றுமே இல்லாதபோது ரெக்ஸ்லின் எடுத்தது.