சுகர் செடிக்கு நற்சான்று

வெளிநாட்டுச் செடி ஒன்று நம் மண்ணில் அடக்கமாக இருக்குமா, ஊரையே வளைத்துப் பிடிக்குமா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கிற வேலை மாதிரிதான், என்ன, தாலி கட்டி முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். பல வருடம் வெளிநாட்டில் இதைச் செய்துவிட்டு ராமநாதபுரம் திரும்பினேன். அங்கே என் அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே டீ கொடுத்துவிட்டுப் படிக்காமல் போடுவார்கள். 'வேண்டாம்' என்று எழுதியே சோறு தின்னும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

வேலி

கடலாடிப் பக்கம் ஒரு மூலிகைக் கம்பெனி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று தென் அமெரிக்கச் செடி ஒன்றைப் பயிரிட்டிருந்தது. சிவப்பாகச் சின்னச் சின்னப் பழம். ஊரில் அதற்கு 'சுகர் செடி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாவட்டம் முழுக்கப் பரப்ப என் நற்சான்று வேண்டுமாம்.

பழத்தை ஆடு தின்றால் விதை புழுக்கையோடு ஊர் சுற்றுமே என்றேன். மேனேஜர் என்னை வேலியோரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டினார். கம்பி, அதன்மேல் பச்சை வலை, பூட்டுப் போட்ட கதவு. "ஆடு என்ன மேடம், ஆட்டோட நிழல்கூட உள்ள விழாது."

பக்கத்துச் செய்

வேலிக்கு அந்தப் பக்கம் முனியசாமியின் மிளகாய்ச் செய், ஒரு துண்டு நிலம். அவருடைய கீழக்காட்டைச் சீமைக்கருவேல் எப்போதோ விழுங்கிவிட்டது. வெட்ட வெட்டத் துளிர்த்து, கடைசியில் அவர்தான் வெளியேறினார். மிஞ்சிய நிலம் இந்த ஒன்றுதான். இந்தச் செடி என் நிலத்துக்குள் வருமா, வராதா என்று கேட்டார். நான் படித்த படிப்புக்கு, வாய்ப்பு நடுத்தரம், சூழலைப் பொறுத்தது என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரேடியோவுல மழை சொல்றாப்புலயே சொல்றியே தாயி. வந்துச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

கூட்டம்

ஒரு மழைக்காலமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை நற்சான்று கிடையாது என்று எழுதிக்கொண்டு மாவட்ட அதிகாரிகள் கூட்டத்துக்குப் போனேன். எல்லோருக்கும் சுகர் செடி டீ கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேல். அதுவும் ஒரு காலத்தில் விறகுக்கு ஆகும் என்று விரும்பிக் கொண்டுவந்ததுதான் என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமை தாங்கிய அதிகாரி டீயை உறிஞ்சிவிட்டு எனக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார்.

"மருந்து எப்படிம்மா களையாகும்? களைன்னா தானா முளைக்கணும்ல, இதுக்குத்தான் நாம உரம் போடுறமே."

கிடை

அந்த உரம்தான் வினை. கோடையில் அறுவடை முடிந்ததும், இயற்கை விவசாயம் என்று பெருமையாகச் சொல்லி, மேனேஜரே பூட்டைத் திறந்து ஆட்டுக்கிடை போடச் சொன்னார். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடந்து நிலத்துக்கு எரு சேர்க்கும். உதிர்ந்து கிடந்த பழத்தையும் சுத்தமாகத் தின்று தீர்த்தன. கிடை அடுத்து எங்கே போகும்? பக்கத்துச் செய்க்குத்தான். முனியசாமியே முன்கூட்டிச் சொல்லிவைத்து, கிடைக்காரருக்குச் சோறாக்கிப் போட்டு, ஆடுகளை வரவேற்றிருக்கிறார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு போனேன். மிளகாய் ஒன்று முளைத்த இடத்தில் சுகர் செடி நாலு. மேனேஜருக்கு போன் செய்தேன். கம்பெனி லாபமில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவர் குரலில் வருத்தமே இல்லை. "வேலியில ஒரு கம்பி அறுபடல மேடம். ஆடு கதவு வழியாத்தான வந்துச்சு?"

முனியசாமி குத்தவைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். தண்டு கையோடு வந்தது, வேர் மண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கே நான் நற்சான்று கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன் என்றேன், ஏதோ ஆறுதல் போல. அவர் கையிலிருந்த செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ எழுதுனது இதுக்குத் தெரியுமா தாயி?"

எங்கள் தொழிலில் சொன்னது பலித்தால் பாராட்டு எங்களுக்கு வந்துவிடும், பலிக்கிற நிலம்தான் எப்போதும் வேறொருவருடையது.